‘எனக்கு பஸ் ஒத்துக்காது’ என்பவர்களுக்கு: மூச்சையும் ஆசனத்தையும் வைத்துப் பயணக் குமட்டலைக் குறைக்க நாலு வாரப் பயிற்சி

வருடத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் அப்பார்ட்மென்ட் ஆட்கள் சேர்ந்து வேன் பிடித்து ஏலகிரியோ ஏற்காடோ போவோம். மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கு நான் யோகா சொல்லித்தருகிறேன் என்பதால் ‘எனக்கு பஸ் ஒத்துக்காது’ என்கிற எல்லோரையும் என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். சின்ன வயதில் தாம்பரம் தாண்டுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய ஆள்தான் நானும், அதனால் மறுப்பதில்லை.

இத்தனை பேரிடம் பார்த்ததில் பெரிய தப்பு ஒன்றுதான். மூச்சுப் பயிற்சியை மாத்திரை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது வளைவில் வயிறு பிரட்ட ஆரம்பித்த பிறகு ‘எப்படி மூச்சு விடணும், சொல்லுங்க’ என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, பிளாஸ்டிக் கவர்தான் இருக்கும். வீட்டில் உடம்புக்குப் பழகிய மூச்சுதான் வண்டியில் உதவிக்கு வரும். அதற்கு நாலு வாரம் வேண்டும், வரிசையும் மாறக்கூடாது.

1. இது பயணக் குமட்டல்தானா என்று முதலில் பாருங்கள்

காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் ‘நகர்கிறோம்’ என்று மூளைக்குச் சொல்கின்றன. போன் திரையில் பதிந்திருக்கும் கண் ‘சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இந்த முரண்பாட்டில் குழம்பும் மூளை வயிற்றில் கை வைக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு இது அநேகமாக வருவதே இல்லை, அடுத்த திருப்பம் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

வண்டியில் மட்டும் வந்து, இறங்கிச் சிறிது நேரத்தில் போய்விட்டால் இந்தப் பயிற்சி உங்களுக்கானது. படுக்கையில் புரண்டாலே அறை சுற்றுகிறது, காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவு என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், அது வேறு கதை. திடீர்த் தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கடுமையான தலைவலி வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள், ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சி எதையும் செய்ய வேண்டாம். கீழே சொல்லியிருக்கும் எதிலும் மூச்சை அடக்கச் சொல்லவில்லை.

2. தேவையானவை

ஒரு பாய், விநாடி முள் உள்ள கடிகாரம், ஒரு கிலோ அரிசிப் பொட்டலம், சின்ன நோட்டு. அரிசி எதற்கு என்று அடுத்த பகுதியில் தெரியும். நோட்டில் எந்த வண்டி, எந்த சீட், எத்தனை நிமிடத்தில் முதல் அறிகுறி என்று எழுதி வையுங்கள். ‘எப்பவும் வாந்திதான்’ என்று சொன்ன ஒருவர் நாலு தடவை எழுதிய பிறகுதான், கடைசி சீட்டில் உட்கார்ந்து போன் பார்த்த நாட்களில் மட்டும் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

3. முதல் வாரம்: படுத்துக்கொண்டு வயிற்று மூச்சு

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் வையுங்கள். அரிசிப் பொட்டலத்தைத் தொப்புளுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே. உள்ளே இழுக்கும்போது பொட்டலம் ஏற வேண்டும், நெஞ்சு அசையாமல் கிடக்க வேண்டும். காலையில் ஐந்து நிமிடம், ராத்திரி ஐந்து நிமிடம்.

கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாக நாம் பன்னிரண்டிலிருந்து இருபது வரை விடுகிறோம். வெளிவிடும் நேரம் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு லேசாகத் தணியும். அந்தத் தணிப்பைச் செய்கிற வேகஸ் நரம்புதான் வயிற்றுக்கும் போகிறது.

அநேகமாக எல்லோரும் தடுக்குவது இங்கேதான். ‘ஆழமாக மூச்சு விடுங்கள்’ என்று சொன்னதும் நெஞ்சு புடைக்கக் காற்றை அள்ளி அள்ளி இழுப்பார்கள். வேகமாகவும் அதிகமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்துப்போகும், தலை லேசாகும், கண் இருட்டும். குமட்டலைக் குறைக்க வந்தவர் குமட்டலின் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரிதான். மெதுவாக, கொஞ்சமாக இழுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்டால் அதிகம் என்று அர்த்தம். ஆறு விநாடி திணறினால் மூன்று உள்ளே, நான்கு வெளியே என்று தொடங்கி மெல்ல நீட்டுங்கள்.

4. இரண்டாம் வாரம்: உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, சத்தத்துக்கு நடுவில்

படுத்துப் பழகிய மூச்சு உட்கார்ந்ததும் பாதி காணாமல் போய்விடும். அதனால் இந்த வாரம் நாற்காலியில், முதுகைச் சாய்த்து, வண்டி சீட்டில் உட்காருகிற மாதிரியே. பூஜை அறை வேண்டாம், டிவி ஓடும் ஹாலிலேயே செய்யுங்கள். மிக்ஸி அரைக்கட்டும், வாசலில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போகட்டும். அமைதியான இடத்தில் மட்டுமே வருகிற மூச்சு சென்னை பஸ்ஸில் எதற்கும் ஆகாது.

கண்ணைத் திறந்து எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி பத்து நிமிடம். அதோடு பிராமரி ஐந்து தடவை, அதாவது வாயை மூடி வண்டு மாதிரி மெல்ல ரீங்காரம். மூச்சு வெளியேறுவது தானாகவே நீளும் என்பதால், எண்ணத் தெரியாத பாட்டிகளுக்கும் இது சுலபமாக வருகிறது.

நாடி சுத்தி (மூக்கின் ஒரு பக்கத்தை மாற்றி மாற்றி மூடி விடும் மூச்சு), சீத்தலி தெரிந்தவர்கள் வீட்டில் தாராளமாகச் செய்யலாம், வண்டியில் வேண்டாம். மூக்கில் விரல் வைத்திருக்கும்போது வேகத்தடை வந்தால் விரல் எங்கே போகும் என்பதை ஒரு மாமாவிடம் நேரிலேயே பார்த்துவிட்டேன். சீத்தலியில் நாக்கைச் சுருட்டி வாய்வழியாக இழுப்பீர்கள், நம் ஊர் சாலையில் அப்படி இழுத்தால் குளிர்ச்சியோடு டீசல் புகையும் சேர்ந்தே உள்ளே போகும்.

5. மூன்றாம் வாரம்: கொஞ்சம் கலக்கிவிட்டு, பிறகு தெளிய வைப்பது

வெறும் மூச்சோடு நின்றுவிட்டவர்களுக்குப் பாதிப் பலன்தான் கிடைத்திருக்கிறது. தலை அசையும்போது கண் தடுமாறாமல் இருக்கவும் பழக வேண்டும்.

உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலை முகத்துக்கு நேரே கையெட்டும் தூரத்தில் நீட்டுங்கள். நகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், ‘இல்லை’ என்று சொல்வது போலத் தலையை இடமும் வலமும் ஒரு நிமிடம் ஆட்டுங்கள். பிறகு ‘ஆமாம்’ என்பது போல மேலும் கீழும் ஒரு நிமிடம். நகம் மங்கலாகாத வேகம்தான் உங்கள் வேகம். காதும் கண்ணும் ஒரே சேதியைச் சொல்ல இப்படித்தான் பழகுகின்றன.

அடுத்து சுவர் ஓரமாக தாடாசனம், அதாவது நிமிர்ந்து நின்று, குதிகாலைத் தூக்கி ஐந்து மூச்சு. பிறகு ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம், ஒவ்வொரு காலிலும் ஐந்து மூச்சு. மூன்று நாள் கழித்து இதையே ஒரு கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிச் செய்து பாருங்கள். ஆடுவீர்கள், ஆடட்டும். கண்ணை மூடியதும் சமநிலையைக் காப்பது பெரும்பாலும் காதும் பாதமும்தான் என்பதால் அவை இரண்டும் வேலை கற்றுக்கொள்கின்றன. சுவரை மட்டும் விடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்து லேசாகத் தலை கலங்கிய மாதிரி இருக்கும். அப்போது எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து நான்கு, ஆறு மூச்சைப் பத்து நிமிடம் செய்யுங்கள், முடிவில் உடம்பைத் தளர்த்தி மல்லாந்து கிடக்கும் சவாசனம். மூச்சை முதலில் முடித்துவிட்டு தலைப் பயிற்சியைக் கடைசியில் செய்பவர்கள் கலங்கிய நிலையிலேயே பாயைச் சுருட்டுகிறார்கள். கலக்கத்திலிருந்து திரும்பி வரும் வழியை உடம்புக்குக் காட்டத்தான் இந்த வரிசை. லேசான கலக்கம் போதும். வயிறு பிரட்டும் அளவுக்குப் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் வேகத்தைக் குறையுங்கள்.

வகுப்பில் ஒரு காலேஜ் பையன், ‘விண்வெளியிலேயே யோகா பண்ணியிருக்காங்க, பஸ்ஸுக்கு இவ்வளவு தயாரிப்பா?’ என்றான். 1984-ல் சோவியத் விண்வெளி நிலையமான சல்யூத் 7-ல் நம் விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா யோகா செய்தது உண்மைதான். ஆனால் அவரும் கீழே பழகிவிட்டுத்தானே மேலே போனார்.

6. நான்காம் வாரம்: ஊருக்குள் ஒத்திகை

முதலில் மெட்ரோ. குலுக்கல் குறைவு, பாதியில் இறங்கவும் வசதி. சீட்டுகள் பக்கவாட்டில் இருப்பதால் உட்கார்ந்தால் போகும் திசை தெரியாது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, கம்பியைப் பிடித்துப் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். விமான நிலையத்திலிருந்து ஏறினால் சின்னமலை வரை தூரத்துக் கட்டடங்களைப் பார்த்தபடி மூச்சு விடலாம். சைதாப்பேட்டையில் ரயில் நிலத்துக்குள் போய்விடும், பார்க்க ஒன்றும் இருக்காது, அப்போது உட்கார்ந்து கண்ணை மூடி எண்ணுங்கள். திறந்த கண், மூடிய கண் இரண்டுக்கும் ஒரே டிக்கெட்டில் பயிற்சி.

அது சரியானதும் மாநகரப் பேருந்து. காலை பதினோரு மணி வாக்கில் நான்கைந்து நிறுத்தம். அடுத்த தடவை பத்து நிறுத்தம். கடைசியாகச் சாயங்கால நெரிசலில். ஜிஎஸ்டி சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் ஆகாதவர்களுக்கும் கிண்டியில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பிரட்டும். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை போல முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டும் அசைவுதான் வயிற்றை அதிகம் படுத்துகிறது. பிரேக், கிளட்ச், பிரேக் என்று போகும் சாயங்காலச் சென்னை கிட்டத்தட்ட அந்த ஆட்டத்தைத்தான் ஆட்டுகிறது.

முதல் அறிகுறி லேசாகத் தெரிந்ததுமே இறங்கிவிடுங்கள், சவால் விட்டுக் கடைசி நிறுத்தம் வரை போகாதீர்கள். வாந்தியில் முடிந்த ஒத்திகை, பஸ்ஸைப் பார்த்ததுமே வாயில் எச்சில் ஊற வைத்துவிடும். ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் பார்த்த சீட் வேண்டவே வேண்டாம்.

7. கிளம்பும் நாள் காலை

ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், இதற்கு மாற்று கிடையாது. ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு, மூன்று இட்லி. வெறும் வயிற்றில் போனால் வராது என்று நினைப்பது தப்பு, காலி வயிறும் பிரட்டும். நெய் பொங்கலும் வடையும் ஊர் திரும்பிய பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.

சாப்பிடுவதற்கு முன்பே கழுத்தை மெதுவாக அசைத்து, பத்து நிமிடம் நான்கு, ஆறு மூச்சு. அவ்வளவுதான். அன்றைக்குப் புதிதாக எதையும் முயற்சிக்காதீர்கள், தலைகீழ் ஆசனமும் முறுக்கும் ஆசனமும் வேண்டாம், வேக வேகமாக மூச்சுவிடும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் கூடவே கூடாது. போன தடவை வாணியம்பாடி பக்கம் டீக்கடையில் வேன் நின்றபோது, மலை ஏறும் முன் உடம்பைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஒருவர் வெயிலில் நின்று கபாலபாதி அறுபது எண்ணினார். முகம் சிவந்து, சிரித்துக்கொண்டேதான் ஏறினார். முதல் வளைவுக்கு முன்பே கவரைக் கேட்டுவிட்டார்.

மருத்துவர் சொல்லி மாத்திரை போடுகிறவர்கள், யோகா செய்கிறோம் என்பதற்காக அதை விட வேண்டியதில்லை. கிளம்பும் முன்பே போட்டால்தான் பலன், குமட்டல் வந்த பிறகு வயிறு அதைச் சரியாக ஏற்காது. பல மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது, எலுமிச்சம்பழ வாசனை டீசல் நாற்றத்தை மறைக்கிறது. கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதையே நம்பியிருக்காதீர்கள்.

8. வண்டிக்குள்: சீட், கண், தலை, கடைசியில் மூச்சு

இந்த வரிசையை மாற்றி, மூச்சில் தொடங்குபவர்கள்தான் அதிகம். போனைப் பார்த்துக்கொண்டே பிராணாயாமம் செய்வது அடுப்பை அணைக்காமல் பாலை ஊதிக்கொண்டிருக்கிற மாதிரி.

சீட்: காரில் முன் சீட். வேன், பஸ்ஸில் முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற இடம், பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் வேண்டாம். காருக்குள் வாசனை டப்பா தொங்கினால் தயங்காமல் கழற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இரண்டு முழம் மல்லிகைப்பூ வைத்திருந்தால் இடம் மாறிக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கண்: தூரத்தில் சாலையும் வானமும் சேரும் இடத்தில் வையுங்கள். பக்க ஜன்னலில் ஓடும் மரங்களை எண்ண வேண்டாம். முன்னால் பார்க்க முடியாத சீட் கிடைத்தால் கண்ணை மூடிவிடுவதே மேல்.

தலை: சீட்டில் நன்றாகச் சாய்ந்து ஒட்டியிருக்கட்டும். தலை தனியாக ஆடாவிட்டால் காதுக்குப் போகும் தொல்லை குறையும்.

இந்த மூன்றும் அமைந்த பிறகு, நன்றாக இருக்கும்போதே, அரை மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் மூச்சு. குமட்டல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

9. கொண்டை ஊசி வளைவுகள்

முதல் மலைக்கு ஏலகிரி நல்லது, 14 வளைவுதான். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. எடுத்த எடுப்பில் கொல்லிமலைக்குப் போய்விட்டு யோகாவைத் திட்டாதீர்கள்.

அடிவாரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்தே மூச்சைத் தொடங்கி ஏறி முடியும் வரை விடாதீர்கள். வளைவில் ஓட்டுநரைக் கவனியுங்கள், அவர் தலை வளைவின் உட்பக்கமாகச் சாயும், பயணிகளின் தலை வெளிப்பக்கம் தள்ளப்படும். நீங்களும் அவரோடு சேர்ந்து உட்பக்கம் லேசாகச் சாயுங்கள். வளைவில் திரும்பும்போது குனிந்து பையில் எதையும் தேடாதீர்கள், தண்ணீர் பாட்டிலைக்கூட. வண்டி ஒரு பக்கமும் தலை இன்னொரு பக்கமும் திரும்பினால் காதில் குழப்பம் இரட்டிப்பாகும். ஏலகிரியில் ஒவ்வொரு வளைவுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர்ப்பலகை உண்டு. எங்கள் வேனில் தமிழ் டீச்சர் ஒருவர் ஒவ்வொன்றையும் கழுத்தைத் திருப்பிப் படித்துக் குழந்தைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி மலையில் விளக்கம் நின்றுவிட்டது.

10. மீறி வந்துவிட்டால்

காரணமில்லாத கொட்டாவி, எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, பேச்சு குறைவது. இவைதான் முதல் மணி. உடனே பேச்சை நிறுத்தி, காற்று முகத்தில் படும்படி ஜன்னலைத் திறந்து, முதலில் ஒரு நீண்ட வெளிமூச்சு விடுங்கள். பதற்றத்தில் உள்ளே இழுக்கத்தான் தோன்றும், அதனால்தான் வெளிமூச்சிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பிறகு மூன்று உள்ளே, ஐந்து வெளியே. பத்து மூச்சில் குறையவில்லை என்றால் கூச்சப்படாமல் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள்.

வாந்தி வந்தே விட்டால் மூச்சால் அடக்கப் பார்க்காதீர்கள். வரட்டும். வாய் கொப்பளித்து, பதினைந்து நிமிடம் சும்மா சாய்ந்திருந்துவிட்டு, ஒவ்வொரு வாயாகத் தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ குடியுங்கள். ஒரு சொம்பை மடக்கென்று கவிழ்த்தால் அதுவும் வெளியே வரும்.

11. குழந்தைகள்

இரண்டு வயதுக்குள் இது அபூர்வம், அங்கிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். குழந்தைக்கு நான்கு, ஆறு எல்லாம் வேண்டாம். ‘பூவை மோந்து பாரு, மெழுகுவர்த்தியை அணையாம ஊது’ என்றால் போதும், அணையாமல் ஊத வேண்டுமானால் மெதுவாகத்தான் ஊத முடியும். அதைவிட முக்கியம், அந்த உயரத்துக்கு வெளியே ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பது. ஒரு பெண் குழந்தை ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி எடுத்தாள். அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன், முன் சீட்டின் ரெக்சினும் அதில் ஒரு கிழிசலும்தான் தெரிந்தது. குழந்தைகளுக்கான உயர சீட் வாங்கி பெல்ட் போட்டு உட்கார வைத்த பிறகு பாதி சரியாகிவிட்டது.

12. திரும்பும்போது

ஏறும்போது ஒழுங்காக இருந்தவர்கள் இறங்கும்போது கோட்டை விடுவார்கள். களைப்பு, ஓயாமல் பிரேக், ‘அதான் சமாளிச்சாச்சே’ என்ற நினைப்பு. மலையில் மதியச் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்துங்கள், இறக்கத்துக்கும் அதே சீட், அதே வரிசை. ஆம்பூர் பிரியாணி இறங்கிய பிறகு வரும் ஊர்தான், சாப்பிடலாம், அரை பிளேட், சாப்பிட்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு ஏறுங்கள். அதற்கப்புறம் நேர் சாலை, தூங்கலாம். சென்னையை நெருங்க நெருங்கத்தான் ஊர்ந்து போகிற ஆட்டம் மறுபடி ஆரம்பிக்கும். அதனால் ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் எழுப்பச் சொல்லி வையுங்கள், போனைப் பைக்குள் போட்டு, தலையைச் சாய்த்து, மறுபடி நான்கு, ஆறு.